விஷத்தைப் பிடித்துவைக்கும் துரு

வங்கதேசத்துக் கிராமங்களில் அடிபம்புகளுக்குச் சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசியிருப்பார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் பாத்திரம் கழுவலாம், துணி துவைக்கலாம், வாயில் மட்டும் வைக்கக்கூடாது. 2000-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் குழாய்க்கிணறுகளின் நீரைச் சோதித்து இப்படிச் சாயம் பூசினார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே அவர்கள் போட்ட கோடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்சனிக். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10 மைக்ரோகிராம்தான். இந்தியத் தரநிலை ஏற்கும் அளவும் அதுவே. கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால், பச்சை பூசிய பம்புகளிலும் ஒரு பகுதி தேறாது.

அந்தக் கிணறுகளைத் தோண்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துக் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாடு அது. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராகக் குழாய் இறக்கினார்கள். கிருமியில்லாத, கண்ணாடிபோன்ற நீர் வந்தது. அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என யாருக்கும் தோன்றவில்லை. ஆர்சனிக்கிற்குக் கரைசலில் நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை.

எல்லைக்கு இப்பால், கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா 1983-ல் சில நோயாளிகளைப் பார்த்தார். உள்ளங்கையும் பாதமும் தடித்துச் சொரசொரப்பாகி, கடினமான முடிச்சுகள் எழும்பியிருந்தன. உடம்பில் கரும்புள்ளிகள். எல்லோரும் மேற்கு வங்கக் கிராமத்து மக்கள், எல்லோரும் குழாய்க்கிணற்று நீர் குடித்தவர்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி அதன்பின் பல்லாண்டுகள் கிராமம் கிராமமாகச் சென்று நீரையும் முடியையும் நகத்தையும் சோதித்து, சிக்கல் எவ்வளவு பெரியது என்று உலகத்துக்குக் காட்டினார். 1993-ல் வங்கதேசத்திலும் அது உறுதியானது. 1998-99-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அந்நாட்டு அரசோடு சேர்ந்து 3,534 கிணறுகளை ஆராய்ந்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு கிணறு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. தோலில் தொடங்கும் நோய் பல ஆண்டுகள் கழித்துத் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயாக முடியலாம்.

கண்டிப்பாகச் சொன்னால் ஆர்சனிக் ஓர் உலோகப்போலி. ஆனால் நீரில் கலந்து உடம்பில் அது செய்யும் வேலையைப் பார்த்து, ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகிய கன உலோகங்களோடு சேர்த்தே அதைப் பேசுகிறார்கள். இயற்கைக் கனிமங்களைக் கொண்டு இவற்றை நீரிலிருந்து பிரிப்பது எப்படி என்று புரிந்துகொள்ள, வங்காள டெல்டாவைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. காரணம், அங்கே நீரில் விஷம் இறங்கிய விதமும் அதை வெளியே எடுக்கும் விதமும் ஒரே கனிமத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன. அந்தக் கனிமம் துரு.

அங்கே ஆர்சனிக் எந்த ஆலையிலிருந்தும் வரவில்லை. இமயமலைப் பாறைகள் மழையிலும் வெயிலிலும் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகிறது. அந்தத் துரு மணல்துகள்கள்மீது மெல்லிய மஞ்சள், பழுப்புப் பூச்சாகப் படிகிறது. பாறையிலிருந்து கரைந்த சொற்ப ஆர்சனிக்கை இந்தப் பூச்சுப் பிடித்துக்கொள்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்த மணலையும் வண்டலையும் சுமந்துவந்து டெல்டாவில் கொட்டின. துரு பிடித்துவைத்திருக்கும் வரை ஆர்சனிக்கால் யாருக்கும் கேடில்லை.

ஆனால் வண்டலோடு இலைதழையும் வேரும் சேறும் புதைந்தன. அவை அழுகும்போது மண்ணுக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனது. அப்படிக் காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் சில, ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துருவிலுள்ள இரும்பைக் கொண்டு மூச்சு விடுகின்றன. துருவிலிருக்கும் இரும்பு மூன்று மின்னூட்டம் கொண்டது, நீரில் கரையாது. பாக்டீரியா அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் அது இரண்டு மின்னூட்ட இரும்பாகி நீரில் கரைந்துவிடுகிறது. பூச்சுக் கரைந்தால் அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கிற்குப் பிடிமானம் ஏது? இரும்போடு சேர்ந்து அதுவும் நிலத்தடி நீரில் இறங்கிவிடுகிறது. குழாய்க்கிணறுகள் பெரும்பாலும் அந்த வண்டல் அடுக்கிலிருந்துதான் நீரை உறிஞ்சின.

இனி அந்த நீர் மேலே வரும்போது நடப்பதைப் பாருங்கள். அடிபம்பிலிருந்து விழும் நீர் தெளிவாக இருக்கும். ஒரு குடத்தில் பிடித்துத் திறந்துவைத்தால் சில மணி நேரத்தில் மெல்லக் கலங்கி, அடியில் செந்நிறப் படிவு இறங்கும். பம்பைச் சுற்றியுள்ள சிமென்ட் தளம் ஆண்டுக்கணக்கில் நீர் பட்டுப்பட்டுக் காவி ஏறிக்கிடக்கும். கரைந்திருந்த இரும்பு காற்றைச் சந்தித்து மறுபடி துருவாகிறது. அப்படி உருவாகும்போதே பக்கத்திலிருக்கும் ஆர்சனிக்கையும் ஓரளவு பிடித்துக்கொண்டு படிகிறது. வியட்நாமில் சிவப்பாற்று டெல்டா மக்கள் நீரிலுள்ள இரும்புக்கறையைப் போக்கத்தான் வீட்டில் மணல்தொட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டிகளே சராசரியாக 80 விழுக்காடு ஆர்சனிக்கையும் நீக்கிவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நீரில் இரும்பு நிறைய இருக்கும் ஊர்களில்தான் இது நடக்கும். ஆர்சனிக்கைப்போல் 50 மடங்காவது இரும்பு வேண்டும்.

துரு ஆர்சனிக்கைப் பிடிக்கும் விதத்தை அணு அளவில் இறங்கிப் பார்க்க வேண்டும். நீரில் நனைந்த துருவின் மேற்பரப்பில் ஒவ்வோர் இரும்பு அணுவும் தன்மேல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும், ஏந்தியிருக்கிறது. நீரின் அமில-கார அளவு 8-க்குக் கீழே இருக்கும்போது இந்தப் பரப்பு கூடுதலாக ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று, சற்றே நேர்மின் தன்மை பெறுகிறது. நீரிலுள்ள ஆர்சனேட் எதிர்மின் தன்மை கொண்டது. நடுவில் ஓர் ஆர்சனிக், சுற்றிலும் நான்கு ஆக்சிஜன். மின் ஈர்ப்பால் அது பரப்பின் அருகே வருகிறது. வந்தபின் நடப்பது வெறும் ஒட்டுதல் இல்லை. அடுத்தடுத்துள்ள இரண்டு இரும்பு அணுக்களின் ஹைட்ராக்சில்களைத் தள்ளிவிட்டு, ஆர்சனேட்டின் இரண்டு ஆக்சிஜன்கள் அந்த இடங்களில் அமர்கின்றன. இரு கால்களையும் ஊன்றிய வேதிப்பிணைப்பு அது. வெறும் நீரை ஊற்றிக் கழுவினால் பெயராது. பரப்புக் கவர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் படித்ததன் வலுவான வடிவம் இதுதான்.

எல்லாம் மேற்பரப்பில் நடப்பதால், எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பதே எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆணியில் பிடித்த துருவைவிட, நீரில் புதிதாக வீழ்படியும் ஃபெரிஹைட்ரைட் என்ற துரு மிக நுண்ணியது. அதன் துகள்கள் சில நானோமீட்டர் அளவே இருக்கும். அதில் ஒரு கிராமிலுள்ள துகள்களின் பரப்பையெல்லாம் விரித்துப்போட்டால், நம் ஊரில் ஒரு கிரவுண்ட் மனை அளவுக்கு, அதாவது 2,400 சதுர அடிக்கு வரும். நாளாக ஆக இந்தத் துகள்கள் தங்களுக்குள் ஒழுங்குபட்டுப் பெரிய படிகங்களாக, கோதைட்டாகவும் ஹெமடைட்டாகவும் மாறுகின்றன. அப்போது பரப்புக் குறைந்துவிடும். சென்னை ஐஐடி பேராசிரியர் தலாப்பில் பிரதீப்பின் குழு இந்த இடத்தில்தான் கைவைத்தது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளின் வலைக்குள் ஃபெரிஹைட்ரைட்டை அடைத்து, அது படிகமாக வளராமல் தடுத்தார்கள். அம்ரித் என்ற பெயரில் அந்த வடிகட்டிகள் மேற்கு வங்கத்திலும் வேறு மாநிலங்களிலும் நிறுவப்பட்டன.

ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக் பாதிக்கு மேல் வேறொரு வடிவில் இருக்கிறது. காற்றில்லாத ஆழத்தில் அது ஆர்சனைட்டாக இருக்கும். சாதாரணக் குடிநீரில் ஆர்சனைட்டுக்கு மின்னூட்டமே கிடையாது. பரப்பை நோக்கி ஈர்க்கப்படாது, பல வடிகட்டிகளைத் தாண்டிப் போய்விடும். உடலுக்கு அதிகக் கேடு செய்வதும் அதுதான். ஆகவே வடிகட்டும் முன் குளோரின் போன்ற ஒன்றைக் கொடுத்து அதை ஆர்சனேட்டாக மாற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த தலைவலி பாஸ்பேட். தனிம அட்டவணையில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் மேலும் கீழுமாக ஒரே வரிசை. பாஸ்பேட்டின் வடிவமும் மின்னூட்டமும் ஆர்சனேட்டை அப்படியே ஒத்திருக்கும். துருவால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பாஸ்பேட் நிறைந்த வங்காள நீரில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளக்கூடும். நீரில் கரைந்திருக்கும் சிலிகாவும் பங்குக்கு வரும்.

இந்தத் துறையின் ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ஆதங்கம் எழுவது இங்கேதான். காய்ச்சி வடித்த நீரில் ஒரேயொரு உலோகத்தைக் கரைத்து, அதில் களிமண்ணையோ கல்தூளையோ போட்டுக் குலுக்கி, ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் பிடித்தது, 99 விழுக்காடு நீங்கியது என்று எழுதுகிறார்கள். எந்தக் கிராமத்துக் கிணற்றிலும் காய்ச்சி வடித்த நீர் ஊறுவதில்லை. பாஸ்பேட்டோடும் சிலிகாவோடும் போட்டி போட்டு எவ்வளவு பிடித்தது, எத்தனை மாதம் தாங்கியது என்று சொல்லாத எண்ணால் குடிப்பவருக்குப் பயனில்லை.

கிணற்று நீரிலேயே தேறியவையும் உண்டு. வங்கதேசத்தின் குஷ்டியாவைச் சேர்ந்த, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் அபுல் ஹுசாம் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று மண்குடங்களை வைத்தார். மேல்குடத்தில் லேத் பட்டறையில் சீவி விழும் இரும்புச் சுருளும் பருமணலும். நடுக்குடத்தில் கரியும் நுண்மணலும். இரண்டின் அடியிலும் சிறு துளைகள். கீழ்க்குடத்தில் குடிநீர் சொட்டும். இரும்புச் சுருள் நீரில் நனைந்து மெல்ல மெல்லத் துருப்பிடித்துக்கொண்டே இருப்பதால் ஆர்சனிக்கைப் பிடிக்கப் புதிய பரப்பு கிடைத்துக்கொண்டே இருந்தது. குறையும் இருந்தது. சில மாதங்களில் சுருள்கள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகி, நீர் இறங்காமல் நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் உழைத்து, இறுகாத ஒரு கலப்பு இரும்பு அடுக்கை அவர் உருவாக்கினார். சோனோ என்ற அந்த வடிகட்டிக்கு 2007-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதமி 10 லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசை வழங்கியது.

இரும்பைத் துருவாக்கிக் காத்திராமல், ஏற்கெனவே துருவாக இருக்கும் கல்லையும் எடுத்துக்கொள்ளலாம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் வீடு கட்டும் வெட்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கத்தில் செம்புராங்கல் என்பது, அப்படிப்பட்டது. புவியியலாளர்கள் அதை லேட்டரைட் என்பார்கள். அந்தப் பெயரை முதலில் இட்டவர் பிரான்சிஸ் புக்கனன். மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்த கல்லைப் பற்றி 1807-ல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். வெப்பமும் கனமழையும் பாறையிலிருந்து சிலிகாவையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு போக, எஞ்சிய இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக இறுகியதுதான் அது. காரக்பூர் ஐஐடி நிற்பதே அப்படிப்பட்ட செம்மண் பூமியில். அங்கே பேராசிரியர் சிர்ஷேந்து டேயின் குழு, உள்ளூர் லேட்டரைட்டை உடைத்து, அமிலத்திலும் காரத்திலும் பக்குவப்படுத்தி, அதன் பிடிக்கும் திறனைப் பல மடங்கு கூட்டி வடிகட்டி செய்தது. ஆர்சனிக் ஊறும் டெல்டாவுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே அதைப் பிடிக்கும் கல் கிடைக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாக் கல்லும் எல்லா உலோகத்தையும் பிடிக்கும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஈயம், காட்மியம், தாமிரம் போன்றவை நீரில் நேர்மின் அயனிகள். அவற்றுக்கு எதிர்மின் பரப்பு வேண்டும். பென்டோனைட் களிமண்ணிலும் சியோலைட் கல்லிலும் அது இருக்கிறது. சியோலைட்டின் கட்டமைப்பில் சில சிலிக்கான் அணுக்களின் இடத்தில் அலுமினியமும், பென்டோனைட்டில் பெரும்பாலும் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மக்னீசியமும் உட்கார்ந்திருக்கும். அதனால் ஏற்படும் எதிர்மின் மிச்சத்தைச் சரிக்கட்ட சோடியமும் கால்சியமும் தளர்வாகக் கூட இருக்கும். ஈயம் வந்தால் சோடியம் வெளியேறும், ஈயம் உள்ளே அமரும். 1850-ல் இங்கிலாந்தில் தாம்சன், வே ஆகிய இருவரும் மண்ணின் வழியே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றியபோது கீழே கால்சியம் சல்பேட் வடிந்தது. அயனி மாற்றம் என்ற அறிவு அந்த வயல்மண்ணிலிருந்து தொடங்கியது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்ட் அணு வளாகத்தில் கழிவுநீரிலுள்ள கதிரியக்க சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் 1985 முதல் பிடித்துவருவது, கலிஃபோர்னியப் பாலைவனத்தில் வெட்டியெடுத்த கிளினோப்டிலோலைட் என்ற இயற்கை சியோலைட்.

அதே சியோலைட்டை ராணிப்பேட்டைக்குக் கொண்டுவந்தால் பயன்படாது. அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலிலிருந்து கசியும் ஆறு மின்னூட்டக் குரோமியம், நீரில் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது. களிமண்ணும் சியோலைட்டும் அதை விலக்கித் தள்ளும். கரையும் இரும்பைக் கொண்டு முதலில் அதை மூன்று மின்னூட்டக் குரோமியமாக மாற்ற வேண்டும். பிறகு அது கரையாப் படிவாக இறங்கும். கன உலோகத்துக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லி ஒரு கல்லை விற்பவரை நம்ப வேண்டாம். எந்த உலோகம், எந்த வடிவில், எந்த நீரில் என்று தெரியாமல் கல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பிடித்தபின் என்ன ஆகிறது? ஆர்சனிக் ஒரு தனிமம். அதை எரித்தோ மக்கவைத்தோ அழிக்க முடியாது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள நீரில் ஒரு குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் தினம் 40 லிட்டர் வடிகட்டினால், நாளொன்றுக்கு 8 மில்லிகிராம், ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கிராம். ஒரு கிராம் கல் ஒரு மில்லிகிராமைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மூன்று கிலோ கல் நிறைந்துவிடும். நிறைந்த கல் தன்னை அறிவிக்காது. நீர் முன்போலவே தெளிவாக விழும், ஆர்சனிக்கும் கூடவே வரும்.

நிறைந்த கல்லைக் குப்பைமேட்டில் கொட்டினால் டெல்டாவில் நடந்ததே மறுபடி நடக்கும். குப்பைக்குள் காற்றில்லை, அழுகும் பொருள் நிறைய, அதே பாக்டீரியாக்கள், அதே துரு. இரும்பு கரையும், ஆர்சனிக் அவிழ்ந்து நிலத்தடிக்கு இறங்கும். கழிவை அமிலக் கரைசலில் பல மணி நேரம் குலுக்கிப் பார்க்கும் வழக்கமான ஆய்வகச் சோதனை இந்த ஆபத்தைக் குறைத்தே காட்டுகிறது. லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தா மேற்கு வங்கக் கிராமங்களில் 1990-களின் இறுதியிலிருந்து நிறுவிய ஊர்ப்பொது வடிகட்டிகளில் இதற்கு ஒரு வழி செய்தார். நிறைந்த பொருளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து காரநீரில் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். கழுவியதில் இறங்கும் ஆர்சனிக் படிவைக் காற்றோட்டமுள்ள மணல் படுகையில் வைத்திருப்பார்கள். ஆக்சிஜன் இருக்கும் வரை துரு பிடியை விடாது. நிறைந்ததை அப்புறப்படுத்துவது எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப்பின் கட்டட நிலவறைகளில் சீசியத்தைப் பிடிக்கப் போட்ட சியோலைட் மூட்டைகள், மனிதர் கிட்டே போக முடியாத அளவுக்குக் கதிர் வீசியதால், ஆண்டுகள் கடந்தும் அவற்றை எடுக்கும் வேலையை ரோபோக்களிடம் விட வேண்டியதாயிற்று.

கல் மலிவு, மண் மலிவு என்று இந்த முறைகளைப் புகழ்கிறோம். மலிவானது வடிகட்டும் பொருள் மட்டும்தான். மாதாமாதம் நீரைச் சோதிக்கும் ஆளும், நிறைந்ததை எடுத்துப்போய் வைக்கும் இடமும், அதற்கான சம்பளமும் சேர்ந்ததுதான் வடிகட்டி. திறப்பு விழாவோடு முடிந்துபோகும் திட்டத்தை, வடிகட்டியே இல்லாததைவிட ஆபத்தானதாக நினைக்கிறேன். நல்ல நீர் என்று நம்பி மக்கள் நச்சைக் குடிப்பார்கள்.

நீங்கள் கிணற்று நீரோ ஆழ்துளை நீரோ குடிப்பவராக இருந்தால், அதிலும் தோல் தொழிற்சாலைகளோ முலாம் பூசும் பட்டறைகளோ பக்கத்தில் இருந்தால், ஒருமுறையாவது அதைச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன; கட்டணம் கட்டினால் பொதுமக்களின் நீரையும் சோதித்துத் தருவார்கள். கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வழக்கமான பட்டியலில் அவை எல்லாம் வருவதில்லை. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். நீர் ஆவியாகிக் குறைய, உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். உங்கள் ஊராட்சியோ பள்ளியோ வடிகட்டி வாங்கப்போகிறது என்றால் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த உலோகத்துக்கு, எத்தனை லிட்டர் வரை, நிறைந்ததை யார் எடுத்துக்கொண்டு போவார்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.